எச்2 கணிதம்: டிஒய்எஸ் முடித்தாயிற்று, முழுத் தாள் மட்டும் ஏறவில்லை. அடுத்து என்ன?

பாசிர்ரிஸ்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் சிங்கப்பூரில் ஜேசி (தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டு, ஏ நிலைத் தேர்வுக்கு எச்2 கணிதம் எடுத்திருக்கிறாள். தலைப்புவாரி டிஒய்எஸ் (பழைய தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு) புத்தகத்தை முழுக்கப் போட்டு முடித்துவிட்டாள். அதில் பெரும்பாலும் சரியாக வருகிறது. பள்ளியில் முழுத் தாள் வைத்தால் மட்டும் 100-க்கு 55-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. மற்ற ஜேசிகளின் பிரிலிம் (உண்மைத் தேர்வுக்கு முன் பள்ளிகளே வைக்கும் தேர்வு) தாள்களை ஒரு கட்டு அச்சடித்து மேசையில் அடுக்கி வைத்திருக்கிறாள், தினம் ஒன்று போடப் போகிறாளாம்.

தினம் ஒரு தாள் சரியான வழிதானா? அண்ணன் மகனின் பழைய டிஒய்எஸ் ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. அதில் 2017-க்கு முந்திய தாள்கள் இருக்கின்றன. அவற்றைப் போடலாமா, தூக்கிப் போடலாமா? எனக்கு இந்த அளவுக் கணக்கு தெரியாது. கணக்குத் தெரியாதவர் வீட்டில் உருப்படியாகச் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். டியூஷன் விளம்பரம் வேண்டாம், தயவுசெய்து.

பின்னக்காரன்:

தினம் ஒரு தாள் வேண்டாம். மூன்று மணி நேரத் தாளைத் திருத்தவும் பிழைகளை மறுபடி போடவும் குறைந்தது இன்னொரு மூன்று மணி நேரம் ஆகும். தினம் ஒன்று என்றால் அந்த இரண்டாம் பாதிதான் அடிபடும். கட்டு குறையும், மதிப்பெண் ஏறாது. வாரத்துக்கு இரண்டு முழுத் தாள் போதும்.

தலைப்புவாரியில் நன்றாக வந்து முழுத் தாளில் சறுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. தலைப்புவாரிப் புத்தகத்தில் பக்கத்தின் தலையிலேயே 'வெக்டர்' என்று போட்டிருக்கும். எந்த முறையைக் கையில் எடுப்பது என்ற பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு கிடையாது. இப்போதைய எச்2 கணிதப் பாடத்திட்டத்தில் (எண் 9758) நிஜ உலகச் சூழலில் அமைந்த கேள்விகள் கட்டாயம் வரும், அவை ஒவ்வொன்றும் குறைந்தது 12 மதிப்பெண். ஒரு ட்ரோன் பறக்கும் பாதை, சாய்ந்த கூரை, இரண்டுக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் என்று அரைப் பக்கம் கதை ஓடும். அதற்குள் இருப்பது கோட்டின் சமன்பாடும் தளத்தின் சமன்பாடும்தான். அதைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தைத் தலைப்புவாரிப் புத்தகம் தரவே தராது.

இதற்கு ஒரு பயிற்சி. பிரிலிம் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, 25 நிமிடம் வைத்து, ஒரு கணக்கையும் போடாமல் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயம் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பாடம், முதல் வரி என்ன, எந்த உட்பிரிவு முந்தைய உட்பிரிவின் விடையைப் பயன்படுத்துகிறது. பிறகு விடைத்தாளோடு ஒப்பிடட்டும். ஒரு முழுத் தாள் போடும் நேரத்தில் இப்படி ஐந்தாறு தாள்களைப் பார்த்துவிடலாம். கட்டில் பாதியை இதற்கே செலவழித்தாலும் வீண் இல்லை.

'ஹென்ஸ்' (முந்தைய விடையைப் பயன்படுத்தி) என்ற சொல் வரும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. உதாரணம்: முதல் பகுதியில் 1/(ஆர்(ஆர்+2)) என்ற தொடரை 1 முதல் என் வரை கூட்டச் சொல்வார்கள். கடைசிப் பகுதியில் 'ஹென்ஸ்' போட்டு, 1/((ஆர்–2)ஆர்) என்பதை 5 முதல் என் வரை கூட்டச் சொல்வார்கள். ஆர்–2 என்பதைப் புதிய மாறியாக வைத்தால் எல்லைகள் 3 முதல் என்–2 வரை என்று மாறும். அவ்வளவுதான். முதல் பகுதியின் விடையில் என்-க்குப் பதில் என்–2 போட்டு, அதிலிருந்து முதல் இரண்டு உறுப்புகளைக் கழித்தால் முடிந்தது. மாணவர்கள் பகுதிப் பின்னத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். விடை சரியாகவே வரும், ஆனால் 'ஹென்ஸ்' மட்டும் இருக்கும் இடத்தில் அந்த வழிக்கு மதிப்பெண் எதிர்பார்க்க முடியாது. 'ஹென்ஸ் ஆர் அதர்வைஸ்' (அப்படியோ வேறு வழியிலோ) என்றிருந்தால்தான் எந்த வழியும் செல்லும்.

பழையதாள்:

2017-க்கு முந்திய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், சலித்து எடுங்கள். 2007 முதல் 2016 வரை இருந்தது 9740 பாடத்திட்டம், 2017 முதல் 9758. இரண்டுக்கும் தாள் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் தாள் முழுக்கத் தூய கணிதம், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் தூய கணிதம் 40, நிகழ்தகவும் புள்ளியியலும் 60. இரண்டுக்கும் தலா மூன்று மணி நேரம்.

பழைய தாளைக் கையில் எடுத்ததும் பென்சிலால் அடித்துவிட வேண்டியவை: கணிதத் தொகுத்தறிதல் நிரூபணங்கள் (மாணவர்கள் 'இண்டக்‌ஷன்' என்பார்கள்), ஆர்கண்ட் படத்தில் லோகஸ் வரையும் கேள்விகள், டி மாய்வர் தேற்றமும் என்-ஆம் மூலங்களும், பாய்சான் பரவல், பைனாமியலை நார்மலாகத் தோராயப்படுத்துவது, டி-சோதனை, மாதிரி எடுக்கும் முறைகளைப் பற்றிய விளக்கக் கேள்விகள். ஒரே கேள்வியில் (அ) பகுதி பைனாமியல், (ஆ) பகுதி பாய்சான் என்றெல்லாம் கலந்து வரும். அப்படியானால் (அ)-வை மட்டும் போடலாம்.

எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. தனித்த சமவாய்ப்பு மாறி (டிஸ்க்ரீட் ரேண்டம் வேரியபிள்) 9740-இல் தனிப் பாடமாகக் கிடையாது. பரவல் அட்டவணை அமைத்து எதிர்பார்ப்பு மதிப்பையும் மாறுபாட்டையும் கேட்கும் கணக்குகளைப் பழைய தாளில் தேடினால் கிடைக்காது. 2017-க்குப் பிந்திய பிரிலிம் தாள்களில் அவை நிறைய வரும், அங்கிருந்து எடுங்கள்.

பழைய தாள்களில் தொகையீடு, வெக்டர், வகைக்கெழுச் சமன்பாடு, வரிசைமாற்றமும் சேர்மானமும், ஒட்டுறவும் பின்னடைவும் எல்லாம் இன்றைக்கும் அப்படியே பயன்படும். எதற்கும் மகள் எழுதும் ஆண்டுக்குரிய பாடத்திட்ட ஆவணத்தைத் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கி, ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். எது உள்ளே, எது வெளியே என்று நம் பேச்சைக் கேட்பதைவிட அதைப் பார்ப்பதே மேல்.

பாசிர்ரிஸ்_அம்மா:

இருவருக்கும் நன்றி. உங்கள் பதிவைக் காட்டியதும் மகள் ஒன்று சொன்னாள்: "நான் திருத்தும்போது விடை சரியாகத்தான் இருக்கு, ஆனா டீச்சர் திருத்தினா மார்க் குறையுது." பிரிலிம் தாள்களின் பின்னால் இருப்பது வெறும் இறுதி விடை மட்டும், படிகள் இல்லை. இதற்கு என்ன செய்வது?

சுழிய_ரவி:

அக்கா, மதிப்பெண் கசிவது அங்கேதான். இறுதி விடையை மட்டும் ஒப்பிட்டுத் திருத்தினால் பிழை கண்ணில் படாது. ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 100 வெள்ளி போடுகிறார். மாத முடிவில், கணக்கில் இருக்கும் மொத்தத்துக்கு 0.2 விழுக்காடு வட்டி. எத்தனையாவது மாத முடிவில் தொகை முதன்முறையாக 5,000 வெள்ளியைத் தாண்டும்?

தொடக்கத்தில் போட்ட பணத்துக்கு அதே மாத முடிவில் வட்டி உண்டு. ஆகவே என் மாத முடிவில் 100(1.002) + 100(1.002)² + ... என்று என் உறுப்புகள். முதல் உறுப்பு 100.20. கூட்டினால் 50100 × (1.002-இன் என்-ஆம் அடுக்கு – 1). இது 5000-ஐத் தாண்ட, என் > 47.61. விடை 48-ஆவது மாதம்.

முதல் உறுப்பை 100 என்று எடுத்தவருக்கு 50100-க்குப் பதில் 50000 வரும். அவருக்கு என் > 47.70. அவருக்கும் விடை 48! பின்பக்கத்தில் 48 என்றுதான் இருக்கும், மாணவர் பச்சை மையால் 'சரி' போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். தேர்வில் திருத்துபவர் அந்த முதல் உறுப்பைப் பார்ப்பார். வட்டி மாதத் தொடக்கமா முடிவா, பணம் போடுவது வட்டிக்கு முன்பா பின்பா என்பதுதான் இந்த வகைக் கணக்கின் உயிர். முதல் மூன்று மாதங்களை அட்டவணையாக எழுதிப் பார்க்காமல் சூத்திரத்துக்குத் தாவக்கூடாது.

படிகள் இல்லாத விடைத்தாளை வைத்துத் திருத்த ஒரு வழி உண்டு. ஒவ்வொரு உட்பிரிவின் ஓரத்திலும் சதுர அடைப்புக்குள் மதிப்பெண் போட்டிருப்பார்கள். [4] என்று இருந்து, மகள் இரண்டே வரியில் முடித்திருந்தால் ஏதோ விட்டிருக்கிறாள். [1] என்று இருந்து அரைப் பக்கம் எழுதியிருந்தால் குறுக்குவழி ஒன்றைத் தவறவிட்டிருக்கிறாள். அந்த இரண்டு வகையையும் வட்டமிட்டு ஆசிரியரிடம் கொண்டுபோகட்டும். முழுத் தாளையும் நீட்டி 'பாருங்க சார்' என்றால் அவருக்கும் நேரம் இருக்காது. குறித்து வைத்த நாலு கேள்வியை நீட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, டிஒய்எஸ் பின்பக்க விடைகளும் தேர்வு நடத்துபவர்களின் மதிப்பெண் திட்டம் அல்ல. அவை பதிப்பகத்தார் ஆள் வைத்து எழுதியவை. எப்போதாவது தவறும் இருக்கும். ஒரு விடை எப்படிப் போட்டாலும் ஒத்து வரவில்லை என்றால் அதற்காக இரவு ஒரு மணி வரை உட்கார வேண்டாம்.

மியூ_சிக்மா:

புள்ளியியலைப் பற்றி யாரும் பேசவில்லை. மொத்தம் 200-இல் 60 அங்கே இருக்கிறது. தூய கணிதத்தை மாய்ந்து மாய்ந்து போட்டுவிட்டு 'ஸ்டாட்ஸ் கடைசியில் பார்க்கலாம்' என்பவர்கள்தான் இரண்டாம் தாளில் தடுமாறுகிறார்கள். ஆனால் குறைந்த உழைப்பில் மதிப்பெண் கூடும் இடமும் அதுதான், ஏனென்றால் எழுதும் முறை ஏறக்குறைய மாறாதது.

கருதுகோள் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்தின் சராசரி எடை 500 கிராம் என்கிறார் விற்பவர், குறைவு என்று சந்தேகம். 40 பொட்டலங்கள், மாதிரிச் சராசரி 498.2, மாதிரி மாறுபாடு 36. சோதனை 5 விழுக்காட்டு மட்டத்தில்.

முதல் வரியில் மியூ என்பது என்ன என்று எழுத வேண்டும்: 'அந்த வகைப் பொட்டலங்கள் அனைத்தின் சராசரி எடை, கிராமில்'. பாதிப் பேர் இதை எழுதுவதே இல்லை. அடுத்து சோதிக்கும் கருதுகோள் எச்0: மியூ = 500, மாற்றுக் கருதுகோள் எச்1: மியூ < 500. மாதிரி மாறுபாடு 36-ஐ அப்படியே போடக்கூடாது. 40/39-ஆல் பெருக்கி, பிறழ்ச்சியற்ற மதிப்பீடு 36.923 என்று எடுக்க வேண்டும். எடைகள் நார்மல் பரவல் என்று கேள்வியில் சொல்லாதபோது, 40 பெரிய எண்ணிக்கை என்பதால் மைய எல்லைத் தேற்றப்படி மாதிரிச் சராசரி தோராயமாக நார்மல் என்று ஒரு வரி. பிறகு இஸட் = –1.87, பி-மதிப்பு 0.0305. இது 0.05-ஐவிடச் சிறியது, எச்0-ஐ நிராகரிக்கிறோம்: சராசரி எடை 500 கிராமைவிடக் குறைவு என்று சொல்ல 5 விழுக்காட்டு மட்டத்தில் போதிய சான்று உண்டு. முடிவு இப்படிச் சூழலோடு சேர்ந்து வர வேண்டும். நிராகரிக்க முடியாத கணக்கில் 'எச்0 உண்மை' என்று எழுதுவது தவறு, 'போதிய சான்று இல்லை' என்பதோடு நிறுத்த வேண்டும்.

36-ஐ மாற்றாமல் போட்டால் பி-மதிப்பு 0.0289 வரும். முடிவு அதேதான், ரவி சொன்ன அதே கதை. ஜிசியில் (வரைபடக் கணிப்பானில்) நேரும் தவறு அதைவிட மோசம். கருவி கேட்பது சிக்மா, அதாவது மாறுபாட்டின் வர்க்கமூலம். அங்கே மாறுபாட்டை, அதாவது 36.923-ஐ, வர்க்கமூலம் எடுக்காமல் தட்டினால் பி-மதிப்பு 0.379 ஆகி முடிவே தலைகீழாகிவிடும். தட்டி முடித்ததும் சிக்மா பெட்டியில் வர்க்கமூலக் குறி இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஜிசியைப் பற்றி இன்னும் கொஞ்சம். வீட்டில் தாள் போடும்போது, தேர்வில் இருக்கும் நிலையிலேயே நினைவகத்தை அழித்துவிட்டு ஆரம்பிக்கட்டும். டிஐ-84 வகை ஜிசியில் ரீசெட் செய்தால் டயக்னாஸ்டிக் என்ற அமைப்பு அணைந்துவிடும், பின்னடைவுக் கேள்வியில் ஒட்டுறவுக் கெழு திரையில் வராது. அதை எங்கே திரும்பப் போடுவது என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோணம் டிகிரியா ரேடியனா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கருவியின் கட்டளையை விடைத்தாளில் எழுதக்கூடாது, கணிதக் குறியீட்டில் எழுத வேண்டும். 'எக்ஸாக்ட்' (துல்லிய மதிப்பு) என்று கேட்டால் தசமம் செல்லாது, லாக்கும் வர்க்கமூலமும் பையும் அப்படியே நிற்கட்டும். மற்ற இடங்களில் மூன்று முக்கிய இலக்கம், டிகிரிக் கோணமானால் ஒரு தசம இடம். நடுவில் வரும் எண்களை ஐந்து இலக்கமாவது வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் சுருக்க வேண்டும்.

வரைபடத்தில் ஜிசி காட்டுவதை அப்படியே பார்த்து வரைந்தால் தொலைகோடு விடுபடும், ஏனெனில் கருவி அதை வரைந்து காட்டாது. அச்சுகளை வெட்டும் புள்ளிகள், திருப்புப் புள்ளிகள், தொலைகோட்டுச் சமன்பாடுகள் மூன்றையும் எழுதினால்தான் முழு மதிப்பெண்.

பின்னக்காரன்:

நேரத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. 180 நிமிடம், 100 மதிப்பெண், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். வீட்டில் 1.5 நிமிடக் கணக்கில் பழகட்டும். அப்படியானால் 150 நிமிடத்தில் தாளை ஒரு சுற்று வந்துவிடலாம், விட்டதைப் பிடிக்கவும் சரிபார்க்கவும் அரை மணி நேரம் மிச்சம். 12 மதிப்பெண் கேள்வி 18 நிமிடத்தைத் தாண்டினால் அந்த இடத்தில் கோடு கிழித்து, இடம் விட்டு, அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். 'ஷோ தட்' (தந்த விடையை நிறுவச் சொல்லும்) பகுதி வராவிட்டாலும், அவர்கள் தந்த விடையை வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் போடலாம். இதைச் செய்யாமல் அங்கேயே மல்லுக்கட்டி நிற்பதில் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல.

சில பள்ளிகளின் பிரிலிம் உண்மைத் தேர்வைவிடக் கடினமாகவே இருக்கும். அவற்றில் 60 வந்தால் பதற வேண்டாம். உண்மையான தாள்களில் கடைசி மூன்று ஆண்டுகளைத் தொடாமல் வைத்து, பிரிலிம் முடிந்தபின் அக்டோபரில் காலையில் உட்கார்ந்து எழுதினால் நிலவரம் தெரியும்.

பழையதாள்:

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. தலைப்புவாரி டிஒய்எஸ்ஸை முழுக்க முடித்துவிட்ட பிள்ளைக்கு 'தொடாத மூன்று ஆண்டு' என்று ஒன்றே இல்லை. எல்லாக் கேள்வியும் ஒருமுறை கண்ணில் பட்டவைதான். அதில் 80 வந்தால் அது நினைவாற்றலாகவும் இருக்கலாம். இவருக்கு உண்மையான சோதனை, பார்த்திராத பிரிலிம் தாள்தான். கட்டிலிருந்து நாலைந்து பள்ளிகளின் தாள்களைப் பிரிக்காமல் உறையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். இரண்டு தாளும் உள்ள தொகுப்பாக இருக்கட்டும், முதல் தாளை மட்டும் சேர்த்து வைப்பவர்கள்தான் அதிகம்.

பின்னக்காரன்:

நியாயம்தான். அவர் நிலையில் அப்படியே செய்யட்டும். உண்மைத் தாள்களை நேரக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சுழிய_ரவி:

அக்கா, கணக்குத் தெரியாதவர் செய்யக்கூடிய வேலை என்று கேட்டீர்களே. ஒரு ஏடு போடுங்கள். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றையும் மகள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்: எந்தத் தாள், எந்தக் கேள்வி, எத்தனை மதிப்பெண், ஏன். 'ஏன்' என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுத விடாதீர்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முறை தெரியவில்லை, தவறான முறையை எடுத்தாள், குறி மாறியது, கேள்வியைத் தவறாகப் படித்தாள், எழுத வேண்டியதை எழுதவில்லை, நேரம் போதவில்லை என்று ஆறில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று தாள் முடிந்ததும் எந்தக் கட்டம் நிறைகிறது என்று பாருங்கள். 'தவறான முறை' நிறைந்தால் பின்னக்காரன் சொன்ன 25 நிமிடப் பயிற்சி. 'எழுதவில்லை' நிறைந்தால் புது தாளே வேண்டாம், பழைய விடைகளைத் திருத்தி எழுதுவதே போதும். 'முறை தெரியவில்லை' என்று ஒரே பாடம் திரும்பத் திரும்ப வந்தால் தாள்களை நிறுத்திவிட்டு விரிவுரைக் குறிப்புக்கும் டுடோரியலுக்கும் போக வேண்டும்.

தவறிய கேள்விகளைப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வெற்றுத் தாளில், பழைய விடையைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். அந்தத் தேதியை ஏட்டில் குறித்து நினைவூட்டுவதும் உங்கள் வேலை. மறுநாளே போட்டால் விடை நினைவிலிருந்து வரும், அது கணக்கில் சேராது.

கணிதத் தாள்கள் நவம்பரில் வருகின்றன. தீபாவளியும் சில ஆண்டுகளில் அதை ஒட்டியே வந்துவிடும். அந்த வாரத்துக்கு முழுத் தாள் எதையும் திட்டமிடாமல், மறுபடி போடும் கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிர்ரிஸ்_அம்மா:

ஏடு வாங்கியாயிற்று. ஐந்து பள்ளித் தாள்களை, இரண்டு தாளும் சேர்த்து, உறையில் போட்டு என் அலமாரியில் பூட்டிவிட்டேன். மியூ_சிக்மாவுக்கு ஒரு கேள்வி மகளிடமிருந்து: கேள்வியிலேயே நார்மல் பரவல் என்று கொடுத்திருந்தால் மைய எல்லைத் தேற்ற வரியை எழுத வேண்டுமா?

மியூ_சிக்மா:

வேண்டாம். மூலப் பரவல் நார்மல் என்றால் மாதிரிச் சராசரியும் நார்மல்தான், எண்ணிக்கை 8 ஆக இருந்தாலும். அங்கே அந்தத் தேற்றத்தை எழுதுவது தவறு. 'தேற்றம் தேவையா, ஏன்?' என்று தனியாக 1 மதிப்பெண்ணுக்கும் கேட்பார்கள். அப்போது 'எண்ணிக்கை பெரியது' என்று எழுதினால் அந்த மதிப்பெண் போய்விடும், 'எடைகள் நார்மல் பரவலைக் கொண்டவை, ஆகவே தேவையில்லை' என்று எழுத வேண்டும்.